இரண்டு தக்பீருக்கு நடுவில் ஒரு மூச்சு

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி ஊரைத் தொழுகைக்கு அழைக்கும் மோதினார், பாங்கின் தொடக்கத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவந்த தக்பீரை, அதாவது "அல்லாஹு அக்பர்" என்பதை, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லத் தொடங்கினார்.

2. ஒலிபெருக்கியில்தான் பழுது என்று நினைத்துப் பள்ளி நிர்வாகம் அதை மாற்றியது.

3. புதிய ஒலிபெருக்கியிலும் தக்பீர் பிரிந்தே கேட்டது. மோதினார் கொள்கை மாறிவிட்டார், வேறு ஜமாஅத்துக்காரர்களின் முறையில் பாங்கு சொல்கிறார் என்று கதை கிளம்பியது.

4. ஊர் இரண்டு பக்கமானது. ஒரு பக்கத்தில் என் வாப்பா முன்னுக்கு நின்றார்.

5. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மோதினாரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதென்று முடிவானது.

6. அந்த வெள்ளிக்கு முந்திய வாரம் மோதினாரின் மனைவி முழங்கால் வலியென்று வைத்தியசாலைக்கு, எங்கள் பிரிவுக்கு வந்தார். மோதினாரும் கூட வந்தார்.

இயன்மருத்துவப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மூச்சுப் பயிற்சி வகுப்பை இனி நீங்கள்தான் நடத்தப்போகிறீர்கள். பயிற்சிகளை நான் சொல்லித்தரத் தேவையில்லை, படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அந்த வகுப்புக்கு வரவேண்டியவரை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் அவரோடு எப்படிக் கதைப்பது என்பவை பாடத்தில் குறைவு. எனக்கு அவை ஓரளவு பிடிபட்டது மோதினாரால்.

நோயாளியைப் பற்றி எழுதுகிறேனே என்று யோசிக்காதீர்கள். அவர் தன் வாயால் பள்ளியில் எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவரிடம் கேட்கவும் செய்தேன். "எழுதுங்க மிஸ். அந்த நோட்டீஸ் கதைய மட்டும் விட்டுருங்க" என்றார். அடுத்த முறை வந்தபோது, "சரி, அதையும் எழுதுங்க, புள்ளைகள் சிரிக்கட்டும்" என்றார். ஆகவே நோட்டீஸிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளிநோயாளர் பிரிவிலிருந்து எங்கள் அறைக்கு வரும் நடைபாதை சற்று ஏற்றமானது. அன்று காலை அந்த ஏற்றத்தில் முழங்கால் வலிக்காரி முன்னால் வந்தார், அவரைக் கூட்டிவந்த மோதினார் பின்னால் வந்தார். மனைவி கதவடிக்கு வந்து சேர்ந்த பிறகும் அவர் பாதி வழியில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீஸை வாசித்துக்கொண்டிருந்தார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, வெகு கவனமாக வாசித்தார். அந்த நோட்டீஸ் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் ஓரெழுத்தும் தெரியாது.

இதை முதலில் மனதில் வையுங்கள். நீண்டகாலம் மூச்சுத் தொல்லையோடு இருப்பவர் மூச்சுக்காக நிற்பதாகக் காட்டமாட்டார். நோட்டீஸ் வாசிப்பார். தொலைபேசியை எடுத்துப் பார்ப்பார். வேலியில் பூத்ததைப் பற்றிக் கேட்பார். பெண்கள் தலையில் போட்டிருக்கும் முக்காட்டைச் சரிசெய்வார்கள். ஆள் நிற்பது பெரிதல்ல, எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். ஏற்றத்தின் நடுவில் யாருக்கும் வாசிப்பில் ஆசை வருவதில்லை.

மனைவியைக் கட்டிலில் இருத்தி, திரையை இழுத்துவிட்டு முழங்காலைப் பார்த்தேன். மடக்கினேன், நீட்டினேன். வயதுக்குரிய தேய்மானம் கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். அவர் என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தினார்.

"என்ட முழங்காலுக்கு ஒண்டுமில்ல, புள்ள. ராவைக்குக் கொஞ்சம் நோவும். ஆனா அந்த மனிசன இஞ்ச கொண்டு வரணுமெண்டா வேற என்னத்தச் சொல்லுற? அவருக்கு வருத்தமெண்டா வாசலத் தாண்டமாட்டாரு. எனக்கு வருத்தமெண்டா வருவாரு."

"அவருக்கு என்ன மாமி?"

"ஒண்டுமில்லயாம். அவருதான் சொல்லுறாரு. செருப்பக் குனிஞ்சி எடுக்க ஏலா. ஒழுச் செய்ய, கை கால் கழுவக் கதிரை போட்டுக் குடுக்கன். பள்ளிக்கு நடந்து போக முந்தி அஞ்சு நிமிசம் போதும். இப்ப பாங்குக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி வெளிக்கிட்டுப் போறாரு. ஏனெண்டு கேட்டா, நேரத்தோட போய் தஸ்பீஹ் ஓதுறயாம்."

முழங்காலுக்குச் சூட்டுப் பொதியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மோதினார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிய உயரமான மனிதர். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, எப்போதும் பள்ளிக்குப் புறப்படத் தயாரானவர்போல இருப்பார். சாதாரணமாகக் கதைக்கும்போதும் ஓதுவதுபோல நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். எனக்கு அது மிகவும் பிடிக்கும். அந்த நிறுத்தங்களை நான் கம்பீரம் என்று நினைத்திருந்தேன்.

"மாமா, உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

"இல்ல மிஸ். அல்ஹம்துலில்லாஹ். ஒரு குறையுமில்ல."

மூன்று சிறிய வசனங்கள், மூன்று மூச்சு.

இந்தக் கேள்வியை இந்தக் கரையில் யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். மூச்சு வாங்குதா என்றால் அவர்களுக்குத் தொய்வா, அதாவது ஆஸ்துமாவா, என்று கேட்பதுபோலப் படும். தொய்வுக்காரர் வீட்டில் பெண் எடுக்க யோசிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆகவே உடனே இல்லை என்பார்கள். களைப்பு என்பார்கள், வெயில் என்பார்கள், வயது என்பார்கள். பொய் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு ஒரே நாளில் குறைவதில்லை. அது குறையக் குறைய, தான் செய்வதையும் மனிதர் குறைத்துக்கொண்டு வருகிறார். மூச்சு வாங்கும் எந்த வேலையையும் செய்யாதவருக்கு மூச்சு வாங்காது. ஆகவே அவர் சொல்வது அவரளவில் உண்மை.

கேள்வியை மாற்றினேன்.

"முந்திச் செய்து, இப்ப விட்ட வேலை ஏதும் இரிக்கா மாமா?"

கொஞ்சம் யோசித்தார். "விட்டதெண்டு ஒண்டுமில்ல. கடக்கரைக்கு மீன் வாங்கப் போறல்ல."

"ஏன் போறல்ல?"

"மீன்காரன் வீட்ட வாறான்தானே."

"முந்தியும் வந்தவன்தான்!" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மகள்ட வீடு மேல் மாடியாமே, அங்க போறயா?"

"அவ இறங்கி வருவா. புள்ளைகளையும் கூட்டிக்கொண்டு."

"தொழுகையில, சுஜூதுக்குக் குனியக்குள்ள எப்பிடி?"

"கதிரையிலதான் தொழுறன். முழங்கால் வலி."

"முழங்கால் எனக்கு!" என்றது திரை.

மோதினார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவருடைய சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நின்ற பிறகு மேசையின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, தோள்களை உயர்த்தி மூச்செடுத்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். கம்பீரம் என்று நான் நினைத்திருந்த நிறுத்தங்கள் எங்கே விழுகின்றன என்று அப்போதுதான் கவனித்தேன். குரலைப் பழக்கிய மனிதர், மூச்சு முடியும் இடத்தை வசனம் முடியும் இடம்போல ஆக்கி வைத்திருந்தார். அதே நிமிடத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதமாக நடந்துவரும் சண்டையும் எனக்கு விளங்கியது.

"மாமா, அந்தத் தக்பீரும் இதாலதானா?"

அவர் நிமிர்ந்தார். பதில் சொல்லுமுன் கதவைப் பார்த்தார்.

"மிஸ், நீங்க யார்ட மகள் எண்டு எனக்குத் தெரியும்."

"இந்த அறையில கதைக்கிறது வாப்பாவுக்குப் போகாது மாமா."

"உம்மாவுக்கு?"

"உம்மாவுக்கும் போகாது."

"அப்ப சரி. வாப்பாவுக்குப் போனாலும் பரவாயில்ல. உம்மாவுக்குப் போனா ஊருக்குப் போன மாதிரி."

நெஞ்சு நோய்ப் பிரிவில் அன்றே காட்டினேன். அங்கிருக்கும் வைத்தியர் காரைதீவுக்காரர், அவசரப்படாமல் கதைப்பவர். குழாயில் ஊதும் பரிசோதனை, படம், இரத்தம் எல்லாம் முடித்து, அடுத்த முறை வரச்சொல்லி முடிவைச் சொன்னார். மோதினார் பள்ளிக்கு வருமுன் பல காலம் நெல் ஆலையில் தூசிக்குள் வேலை செய்தவர். அந்த நாட்களில் சிகரட்டும் பிடித்தவர். நீண்டகாலமாகச் சுவாசக் குழாய்கள் ஒடுங்கிவந்திருக்கின்றன.

"அதெல்லாம் எப்பவோ விட்டிட்டனே, டொக்டர்."

"விட்டது நல்லது ஐயா. விடாட்டி இண்டைக்கு இந்த அளவும் நடந்திருக்கமாட்டீங்க. ஆனா அப்ப பட்ட சேதம் அப்படியே இருக்கு. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்துவம்."

இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, பயிற்சிக்கு என்னிடம் அனுப்பினார். நடைபாதையில் அந்தச் சிங்கள நோட்டீஸுக்கு நேரே மோதினார் நின்றார். இந்த முறை அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இத எடுத்தா, மகள், பழைய மாதிரிப் பாங்கு சொல்லலாமா?"

மிஸ் என்று கூப்பிட்டவர் மகள் என்று கூப்பிட்ட இடத்தில் பதில் சொல்வது கடினம். ஓம் மாமா, எல்லாம் சரியாயிடும் என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. உங்களுக்கும் வரும். அந்தப் பதிலால் அந்த நிமிடம் லேசாகும். பிறகு ஒவ்வொரு பாங்கிலும் அவர் அந்தப் பழைய மூச்சைத் தேடுவார், கிடைக்காது. மருந்து பிழை, பயிற்சி பிழை, நான் பிழை என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

"பழைய மாதிரி வராது மாமா" என்றேன். "ஆனா இப்ப இரிக்கிறத விட லேசாகும். எவ்வளவு எண்டு செய்துபாத்துத்தான் சொல்லலாம்."

அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இப்படியான நேரத்தில் ஏதாவது சொல்லி இடைவெளியை நிரப்பத் தோன்றும். நிரப்பாதீர்கள். மூச்சுக் குறைந்தவருக்கு யோசிக்கவும் நேரம் வேண்டும், யோசித்ததைச் சொல்லவும் நேரம் வேண்டும். நாம் பேசினால் அவர் தன் முறையை விட்டுக்கொடுத்துவிடுவார்.

"வெள்ளிக்கிழமை கூட்டம்" என்றார் கடைசியில்.

"தெரியும். அவங்க உங்களப் பத்தி என்ன நினைக்கிறாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? நினைக்கட்டும். அது நல்லம்."

"எப்பிடி நல்லம்?"

"கொள்கை மாறினவனோட ஒரு வருசம் வாதாடுவாங்க. அதுவரைக்கும் பாங்கு என்ட கையில. மூச்சில்லாதவனுக்கு, அடுத்த வெள்ளிக்கே வேற ஆள் பாத்திருவாங்க."

அப்போதுதான் அவருக்கு எது போகப்போகிறது என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. நுரையீரலைப் பற்றி அவர் பயப்படவில்லை. பாங்கு போய்விடும் என்று பயந்தார். உங்களிடம் வரும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒன்று இருக்கும். மருதமுனையில் தறி நெய்யும் பெண்ணுக்கு அது தறியாக இருக்கலாம், கரைவலை இழுப்பவருக்கு வலையாக இருக்கலாம். அது எதுவென்று தெரியாமல் நாம் சொல்லும் அறிவுரை அவர் காதில் ஏறாது.

அன்று மாலை வாப்பா பள்ளியிலிருந்து வந்தார். வழக்கம்போல வாசல் மதிலில் சற்று இருந்து, எதிர்வீட்டு ஆட்டின் சுகநலத்தை விசாரித்துவிட்டு உள்ளே வந்தார்.

"இண்டைக்கும் பிரிச்சுத்தான் சொல்லுறாரு" என்றார். "சின்ன வயசில இருந்து ரெண்டையும் ஒரே மூச்சிலதான் கேட்டு வாறம். இவரு எங்க போய்ப் படிச்சாரு இந்தப் புதுப் பாங்கு?"

"மனிசன் தொழக் கூப்பிடுறாரு" என்றா உம்மா. "நீங்க அவர்ட மூச்ச எண்ணிக்கொண்டு இரிக்கீங்க."

"நான் தொழுதுட்டுத்தானே வாறன்!" என்று வாப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லுறாய்? எல்லாத்துக்கும் ஒண்டு, ரெண்டு, மூணு எண்டு லிஸ்ட் போடுற ஆள். இதுக்கு ஒண்டும் இல்லயா?"

லிஸ்ட் இருந்தது. சொல்லிவிடலாம் என்பதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, ஒரே வசனத்தில் ஊர்ச் சண்டை முடியும். இரண்டு, மோதினார் மீது விழுந்த பழி போகும். மூன்று, வாப்பா பிறகு வெட்கப்பட வேண்டியிராது. சொல்லாமலிருக்க ஒரே காரணம்தான் இருந்தது. அது மோதினாரின் செய்தி, அதை எப்போது யாரிடம் சொல்வதென்பது அவர் கையில் மிச்சமிருந்த சிலவற்றில் ஒன்று.

"என்கிட்ட இல்ல வாப்பா. அவரத்தான் கூப்பிட்டிரிக்கீங்களே, அவரு சொல்லட்டும்."

சிறிய ஊர்களில் வேலை செய்வதன் பெரிய கஷ்டம் இதுதான். நோயாளியும் நம் வீட்டாரும் ஒரே சஃபில், ஒரே வரிசையில் நின்று தொழுகிறார்கள். அறையில் கேட்டது அறையிலேயே இருக்க வேண்டும், சாப்பாட்டு மேசையில் கறி ஆறிப்போனாலும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன் கணவனும் மனைவியும் மீண்டும் வந்தார்கள். இம்முறை முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லை. முன்னால் சாய்ந்து இருந்து மூச்சை மீட்பது எப்படி, பிளேன்டீயை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவது எப்படி என்று பழக்கினேன். அவர் விரைவாகப் பிடித்துக்கொண்டார். மூச்சோடு வாழ்ந்த மனிதர். ஓய்வு எடுக்கும்போது நான் ஒன்றும் கேட்காமலே மனைவி தொடங்கினார்.

"கொள்கை மாறினயாமெண்டு என்ட தங்கச்சிட மகள்ட கலியாணத்துக்குச் சொல்லயில்ல, புள்ள. நேரா வீட்டுக்கு முன்னால போறாங்க, வாசலப் பாக்காமப் போறாங்க. மறுபக்கத்தால ரெண்டு பேர் வந்தாங்க, பேரீச்சம்பழப் பெட்டியோட. நேர்வழிக்கு வந்துட்டீங்க, மாஷா அல்லாஹ் எண்டு இவருக்கு முசாபஹாச் செஞ்சிட்டுப் போனாங்க. இவரும் கையக் குடுத்துக்கொண்டு நிண்டாரு!"

"பழம் நல்ல பழம்" என்றார் மோதினார்.

"உங்கட மூச்சுக்கு ஒரு பேர் சொல்ல வெட்கப்பட்டு, என்ட குடும்பத்த என்னோட கதைக்காம ஆக்கிட்டீங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன். பள்ளிக்குள்ள பொம்புள வரக்கூடாதெண்டா கேற்றில நிண்டு சொல்லுவன். என்ட மூச்சு நல்லா இரிக்கி, ஒலிபெருக்கியும் தேவல்ல."

மோதினார் என்னிடம் கேட்டார்: "சொல்லுறதெண்டா, எப்பிடிச் சொல்லுற?"

இந்தக் கேள்வி வரும்வரை சொல்லுங்கள் என்று நான் அவரிடம் ஒரு தடவையும் சொல்லவில்லை. வந்த பிறகு, நம் தொழிலுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். பலர் முன் பதற்றத்தோடு பேசும்போது மூச்சு இன்னும் குறையும். நின்றுகொண்டு பேசினால் இன்னும் கெதியாக முடியும். ஆகவே முதலில் கதிரை கேட்க வேண்டும். கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லக் கூடாது, நெல் ஆலையில் தொடங்கினால் பள்ளிக்கு வந்து சேருமுன் மூச்சு முடிந்துவிடும். முதல் மூச்சில் உண்மையைச் சொல்ல வேண்டும், இரண்டாவது மூச்சில் வேண்டியதைக் கேட்க வேண்டும்.

"ரெண்டாவதுதான் முக்கியம் மாமா" என்றேன். "முதலாவதக் கேட்டதும் எல்லாரும் பாவமெண்டு சொல்லுவாங்க. ஓய்வெடுங்க எண்டு சொல்லுவாங்க. அந்த நேரம் நீங்க மூச்சு எடுத்துக்கொண்டிருந்தா, ஓமெண்டு சொன்னதா எடுத்துருவாங்க. என்ன கேக்கப் போறீங்க எண்டு இப்பவே முடிவெடுங்க."

எந்தப் பாங்குகள் உடலுக்கு ஏலும் என்று மூவரும் பார்த்தோம். அதிகாலை, சுபஹு நேரம் சளியும் இருமலும் அதிகம். இரவில் களைப்பு. பகல் இரண்டும், லுஹரும் அஸரும், பரவாயில்லை. அவர் முடிவெடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆ முடிந்து வெகு நேரம் கழித்து வந்தார். உம்மா சோற்றை வைத்தா, அவர் தட்டைத் தொடவில்லை.

"உனக்கு முன்னமே தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"என்னது வாப்பா?"

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் முறை கேட்கவில்லை. உம்மாவிடம் சொல்லத் தொடங்கினார்.

"பள்ளித் தலைவர் கேட்டாரு, மோதினார், நீங்க தக்பீரப் பிரிச்சுச் சொல்லுறீங்க, எந்தக் கொள்கையில சொல்லுறீங்க எண்டு. மோதினார் ஒரு கதிரை கேட்டாரு. இருந்து, ரெண்டு கையையும் முழங்கால்ல ஊண்டிக்கொண்டு, 'எனக்கு மூச்சு பத்தல்ல' எண்டாரு. அவ்வளவுதான். அந்தப் பேரீச்சம்பழம் குடுத்தவங்க ரெண்டு பேரும் மேல காத்தாடியப் பாத்துக்கொண்டு இருந்தாங்க."

"அல்லாஹ்வே, பாவம் மனிசன்" என்றா உம்மா.

"அதத்தான் எல்லாரும் சொன்ன. பாவம், பாவமெண்டு. தலைவர் அவர்ட கையப் புடிச்சி, 'எவ்வளவு காலம் எங்களுக்குச் சொல்லிட்டீங்க, இனி ஓய்வா இருங்க, நாங்க வேற ஒராளப் பாக்கிறம்' எண்டாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு."

"மறுகா?" என்றேன்.

"மறுகா அவரு மூச்சு எடுத்தாரு. எல்லாரும் பாத்துக்கொண்டு இரிக்க, உதட்டக் குவிச்சி ஊதி, ஆறுதலா எடுத்தாரு. 'ஓய்வு கேட்டு வரல்ல. லுஹரும் அஸரும் எனக்கு ஏலும். மத்த மூணுக்கும் ஆள் பாருங்க. அந்த ரெண்டையும் என்கிட்ட இருந்து எடுக்காதீங்க' எண்டாரு."

வாப்பா தண்ணீர் குடித்தார்.

"பிரிச்சுச் சொன்னா பாங்கு கூடுமா, செல்லுபடியாகுமா எண்டு மௌலவியக் கேட்டது நான்தான்" என்றார்.

"நீங்களா?" என்றா உம்மா.

"நான்தானே கதையக் கிளப்பின, நான் கேக்காம வேற யார் கேக்கிற? மௌலவி சொன்னாரு, தாராளமாக் கூடும், சேத்துச் சொல்லுறது சிறப்பு, ஏலாதவருக்கு அதில குறையில்ல எண்டு. தலைவரும் சரியெண்டாரு."

சோற்றைப் பிசைந்தவர் மீண்டும் நிறுத்தினார். "ஒரு விசயம். மூச்சு பத்தல்ல எண்டு அவரு சொல்லக்குள்ள, நாங்க கதிரை வரிசையில இரிக்கிறவங்க இரிக்கம்தானே, முழங்கால் வருத்தக்காரர். அவங்க ஒத்தர ஒத்தர் பாத்துக்கொண்டாங்க."

"நீங்களும் பாத்தீங்களா வாப்பா?"

"எனக்கு முழங்கால்" என்றார் வாப்பா. சாப்பிடத் தொடங்கினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கதிரை வரிசையிலிருந்து இருவர் எங்கள் கதவடியில் நின்றார்கள். ஒருவர், "சும்மா மோதினாரப் பாக்க வந்த" என்றார். மற்றவர் நடைபாதையில் நோட்டீஸ் வாசித்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டேன். ஒருவருக்குத் தொல்லை நுரையீரலில் இல்லை, இதயத்தில் இருந்தது. ஆகவே மூச்சென்று வருபவர் எல்லோரையும் ஒரே பெட்டிக்குள் போடாமல் முதலில் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இன்றைய நிலைமை இது. மோதினார் லுஹருக்கும் அஸருக்கும் பாங்கு சொல்கிறார். தக்பீரைப் பிரித்தே சொல்கிறார். நுரையீரல் பழைய நிலைக்கு வரவில்லை, வராது. ஏற்றத்தில் இப்போதும் ஒரு முறை நிற்கிறார், ஆனால் நோட்டீஸைப் பார்ப்பதில்லை, சுவரில் கை வைத்து மூச்சை மீட்டுக்கொண்டு வருகிறார். கடற்கரைக்கு ஒரு நாள் போய் மீன் வாங்கி வந்தார், மனைவி அது பழைய மீன் என்றார். தங்கையின் குடும்பம் மீண்டும் கதைக்கிறது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஆண்கள் அதிகம், பெண்கள் இன்னும் குறைவு. அதை நான் முடிக்காமல் உங்களிடம் விட்டுப் போகிறேன்.

இன்னொன்றையும் விட்டுப் போகிறேன். என் வாப்பா இன்னும் கதிரையில்தான் தொழுகிறார். வாசல் மதிலில் இருந்து ஆட்டை விசாரிக்காமல் உள்ளே வருவதில்லை. மகள் கேட்டால் வரும் பதில் எனக்குத் தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, நான் போன பிறகு, உம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வருவார். உம்மாவுக்கு முழங்கால் வலி என்று பதிந்து வைத்திருக்கிறேன்.